சாளை நிறையப் பழைய எம்டிபி: குவிந்துபோன சேகரிப்பைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

எண்பதுகளின் பிற்பகுதி, தொண்ணூறுகளில் வந்த 26 அங்குல மவுண்டன் சைக்கிள்களைச் சேர்ப்பவர்களுக்கு இது. ஒன்று நீலகிரி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்திருக்கும், ஒன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய சொந்தக்காரர் கொடுத்திருப்பார், இன்னொன்று கோவையில் பழைய இரும்புக் கடை வாசலில் கண்ணில் பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) தேங்காய் போட இடமில்லை என்று வீட்டில் பேச்சு கிளம்பும். குறைத்தே ஆக வேண்டும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் "எதை விற்கலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நல்ல வண்டிதான் முதலில் போகும், ஏனென்றால் கேட்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது பிரிந்து கிடக்கும் பிரேம்களும் ஒரு டிரம் நிறைய உதிரியும். எதை வைத்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. காலமும் கருவியும்

மாசி, பங்குனியில் ஆரம்பித்து ஆயுத பூஜைக்குள் முடிப்பது வசதி. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பிரித்த பாகங்கள் ஒரே வாரத்தில் துரு பூக்கும், வாங்குகிறவர்களும் வந்து ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பேரிங் வேலையை வெளியே வைக்காதீர்கள். கிரீஸ் பூசிய குண்டில் மண் ஒட்டினால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும்.

கருவிகளில் வெர்னியர் காலிப்பர்தான் முதலில். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அப்புறம் ஆலன் கீ செட், கிராங்க் (பெடல் மாட்டும் கை) கழற்றும் புல்லர், 32, 36 மில்லிமீட்டர் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) ஸ்பேனர், நல்ல டார்ச், ஒரு காந்தம். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. பழைய வேட்டியைவிட எண்ணெயை நன்றாக இழுக்கும், தூக்கிப் போடவும் மனசு வலிக்காது.

2. எதையும் பிரிக்காமல் எண்ணுங்கள்

எல்லா வண்டியையும் வெளியே எடுத்து வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் ஹேண்டில்பாரிலும் ஓர் அட்டையைச் சணலில் கட்டி எண் போடுங்கள். தனியாகக் கிடக்கும் சக்கரம், சீட், போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) எந்த வண்டிக்கு உரியது என்று தெரிந்தால் அதிலும் அதே எண்.

இந்த நாளில் ஸ்பேனரைத் தொடவே கூடாது. துடைக்கலாம் என்று உட்கார்ந்து, சக்கரத்தைக் கழற்றி, "இந்த ஹப்பை அந்த வண்டிக்குப் போட்டால் நன்றாக இருக்குமே" என்று ஆரம்பிப்பதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் இரண்டு முழு வண்டிகள் இரண்டு அரை வண்டிகளாகிவிடும். முழுதாக, ஒரிஜினல் பாகங்களோடு நிற்கும் வண்டிக்கு இருக்கும் மதிப்பு மாற்றிப் போட்ட வண்டிக்கு இல்லை.

அட்டையில் எழுத வேண்டியது: பிரேம் நம்பர் (பெரும்பாலும் பெடல் அச்சுப் பெட்டிக்கு அடியில் இருக்கும்), சீட் டியூப் நீளம், குழாய் ஸ்டிக்கர் (பிரேம் குழாயின் ரகம் அதில் இருக்கும்), கியர் செட்டின் பெயர், குறைகிற பாகங்கள். நம்பர் தெரியாவிட்டால் பெயின்டைச் சுரண்டாமல் சாக்பீஸைத் தேய்த்துத் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை நிற்கும், நம்பர் தெரியும்.

3. எந்த வருடத்து வண்டி?

விற்பவர் சொன்ன வருடத்தை நம்ப வேண்டாம். வண்டியே சொல்லும்.

ஷிமானோ (கியர், பிரேக் செய்யும் ஜப்பான் கம்பெனி) பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்து சின்னதாகக் குத்தியிருக்கும். கிராங்க் கையின் உள்பக்கம், பின் டிரெய்லரின் (derailleur, செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) முதுகுப் பக்கம் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக எண்ணினால் எம் 1988, என் 1989, ஓ 1990, பி 1991. மாதத்தில் ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆக, ‘ஓ சி’ என்று இருந்தால் 1990 மார்ச். எழுத்து இசட்டில் முடிந்து 2002-ல் மறுபடி ஏ-யில் தொடங்கும். வண்டியின் மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பார்த்தால் குழப்பம் வராது.

ஒரு பாகத்தை மட்டும் பார்த்து வருடத்தை எழுதிவிடாதீர்கள். கிராங்க், பின் டிரெய்லர், பிரேக் மூன்றும் சில மாத இடைவெளிக்குள் ஒத்துப்போனால் அந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். டிரெய்லர் மட்டும் ஐந்து வருடம் பிந்தியிருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பிரேமும் துப்பு கொடுக்கும். பின் பிரேக் செயின்ஸ்டேவுக்கு (பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) அடியில், சேறு படும் இடத்தில் யு-பிரேக்காக இருந்தால் பெரும்பாலும் 1986–88 காலத்தது. ஹேண்டில்பாருக்கு மேலே கட்டைவிரலால் தள்ளும் கியர் நெம்புகோல் பழையது. கீழே அழுத்துகிற ரேபிட்ஃபயர் 1990 வாக்கில் பரவியது. வி-பிரேக் 1996 வாக்கில்தான் வந்தது. முன்பக்க போர்க் குழாய் ஒரு அங்குலமா, ஒன்றே அரைக்கால் (1 1/8) அங்குலமா என்று தடுமாறாமல் ஹெட்செட் நட்டில் ஸ்பேனரை வையுங்கள்: 32 பொருந்தினால் பொதுவாக ஒரு அங்குலம், 36 பொருந்தினால் ஒன்றே அரைக்கால் அங்குலம். இது தெரியாமல் போர்க் வாங்கி வந்து மாட்ட முடியாமல் நிற்கிறவர்கள் அதிகம்.

பின் சக்கர இடைவெளியையும் அளந்துவிடுங்கள். 126, 130, 135 மில்லிமீட்டர் மூன்றும் வரும். பிறகு சக்கரம் மாற்ற நினைக்கும்போது இந்த எண்தான் வழி சொல்லும்.

4. பிரேம் உயிரோடு இருக்கிறதா

இந்தச் சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள். பளபளப்பான பெயின்ட் ஏமாற்றும்.

முதலில் ஹெட் டியூபுக்கு (போர்க் நுழையும் முன் குழாய்) பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கம் விரலை நீள வாக்கில் ஓட்டுங்கள். மெல்லிய அலை மாதிரி மேடு தட்டினால் அந்த வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. அதை ஓட்ட விற்கக் கூடாது. அடுத்து சீட் போஸ்ட் இறுக்கும் வெட்டின் நுனி, பெடல் அச்சுப் பெட்டியில் செயின்ஸ்டே சேரும் இடம், பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பிளவு). பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழைக் கோடும் அதை ஒட்டித் துருக் கசிவும் இருந்தால் அடியில் விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய பிரேமில் துருக் கசியாது, கோடு மட்டும்தான். அதனால் அங்கே இரண்டு தடவை பாருங்கள்.

அப்புறம் சீட் போஸ்ட். போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்துத் திருகுங்கள். அசைந்தால் வெளியே இழுத்து, போஸ்ட்டில் அச்சிட்ட விட்டத்தை அட்டையில் எழுதுங்கள். 26.4, 26.6, 26.8 என்று இவை 0.2 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும். தவறான போஸ்ட்டை இறுக்கி ஓட்டியதால் வெட்டு கிழிந்த பிரேம்கள் நம் பக்கம் ஏராளம்.

அசையாவிட்டால் உள்ளே அலுமினிய போஸ்ட்டும் இரும்புக் குழாயும் அரித்து ஒட்டியிருக்கின்றன. ஊடுருவும் எண்ணெயை மேலே விட்டு, வண்டியைத் தலைகீழாக்கிப் பெடல் அச்சுப் பக்கமிருந்தும் விட்டு, நாள் கணக்கில் ஊற விடுங்கள். பைப் ரெஞ்சைப் போட்டு முறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. போஸ்ட் வராமல் பிரேம் முறுக்கிக்கொள்ளும். ஊறியும் வராவிட்டால் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கோவையில் அதற்கா பஞ்சம்! போஸ்ட்டை மேலே வெட்டிவிட்டு, ஆக்ஸா பிளேடால் உள்ளே நீள வாக்கில் அறுத்துச் சுருட்டி எடுக்கத் தெரிந்த ஆள் கிடைப்பார். காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கும் வழியும் உண்டு. கண்ணும் தோலும் வெந்துபோகும், அலுமினிய பிரேமாக இருந்தால் பிரேமையே தின்றுவிடும். வேண்டாம்.

ஹேண்டில் ஸ்டெம் சிக்கியிருந்தால் போல்ட்டை முழுதாகக் கழற்றாதீர்கள். இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, மரக்கட்டை வைத்து மேலிருந்து தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு கீழே இறங்கி விடுபடும். போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டால் தட்டுவதற்கு எதுவும் இருக்காது.

ஷாக் போர்க் இருந்தால் அழுத்திப் பாருங்கள். தொண்ணூறுகளின் ராக்‌ஷாக்ஸ் குவாட்ரா, மேனிட்டூ போன்றவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டோமர் ரப்பர்தான் இருக்கும். நம் வெயிலில் அது கல்லாகியிருக்கும், இல்லாவிட்டால் பிசின் மாதிரி உருகியிருக்கும். போர்க் கெட்டுப்போனதாக நினைத்து எறிய வேண்டாம். ரப்பரை மாற்றினால் வேலை செய்யும். ஆனால் வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

5. வைத்துக்கொள்வதை இப்போது தேர்ந்தெடுங்கள்

எத்தனை வண்டி என்பதைச் சுவரை வைத்து முடிவு செய்யுங்கள், ஆசையை வைத்து அல்ல. சாளையில் ஒரு சுவரை மட்டும் இதற்கென்று ஒதுக்கி, ஹேண்டில்பார் இடிக்காமல் எத்தனை மாட்டலாம் என்று அளந்தால் எண்ணிக்கை வந்துவிடும். அந்த எண்ணைச் சாக்பீஸால் சுவரிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். "ஞாயிற்றுக்கிழமை ஆனைகட்டி வரை ஓட்டுவது இதுதான்", "மாமா கொடுத்தது", "டேஞ்ச் பிரெஸ்டீஜ் குழாய், கட்டைவிரல் ஷிஃப்டர், எதுவும் மாற்றாதது" இவையெல்லாம் காரணங்கள். "பின்னால் விலை ஏறும்", "மலிவாகக் கிடைத்தது", "ஒருநாள் முடிக்கலாம்" இவை காரணங்கள் அல்ல. ஒரே காரணம் இரண்டு வண்டிக்கு வந்தால் உங்கள் உயரத்துக்குப் பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். பொருந்தாத வண்டியை யாரும் ஓட்டுவதில்லை, அது தூசிதான் பிடிக்கும்.

பெயருக்காக வைக்காதீர்கள் என்பது என் கருத்து. ஸ்டம்ப்ஜம்பர் என்ற பிரபலமான பெயர் எழுதியிருப்பதாலேயே விரிசல் விட்ட பிரேமைச் சுவரில் மாட்டி வைப்பவர்கள் உண்டு. பக்கத்தில், அதே நேரத்தில், ஓட்ட அருமையாக இருக்கும் ஹீரோ ரேஞ்சர் ஒன்று மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

6. மீதியைப் பிரித்தல்

மீந்ததில் முழு வண்டிகள், உதிரிக்காகப் பிரிப்பவை, எடைக்குப் போடுபவை என்று மூன்று வரிசை. இந்த வரிசையில்தான் வெளியே போகவும் வேண்டும். முழு வண்டியில் ஒரு பிரேக் கை இல்லையென்றால், பிரிக்கப்போகும் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். உதிரியை முன்னமே விற்றுவிட்டால் அந்த வழி அடைந்துவிடும்.

சந்தேகமாக இருக்கும் வண்டி முழு வண்டி வரிசையில்தான் நிற்கட்டும். பிரித்து விற்றால் மொத்தத்தில் அதிகப் பணம் வரலாம். ஆனால் நல்ல டிரெய்லரும் கிராங்கும் முதல் வாரத்தில் போய்விட்டு, மீதி மாதக்கணக்கில் உங்கள் தலையில்தான். இடம் காலியாக வேண்டும் என்பதுதானே நோக்கம்?

7. விற்கும் முன் செய்ய வேண்டிய சில்லறை வேலை

பெரிய ரிப்பேர் எதுவும் வேண்டாம். பெயின்ட் அடிக்கவே கூடாது. தேடி வாங்குகிறவருக்குத் தேய்ந்த ஒரிஜினல் பெயின்ட்தான் வேண்டும். மற்றவர்களுக்குப் புது பெயின்ட் என்றாலே எதையோ மறைப்பதாகச் சந்தேகம் வரும்.

கியர் ஷிஃப்டர் ‘கிளிக்’ ஆகவில்லையா? பெரும்பாலும் உடையவில்லை. பழைய ரேபிட்ஃபயரில் உள்ளே கிரீஸ் இறுகி மெழுகாகியிருக்கும். மூடியைத் திறந்து டபிள்யூடி-40 அடித்து, நெம்புகோலை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். பழுப்பு நிறத்தில் கசடு வழியும். அப்புறம் பல் பிடிக்கும். காய்ந்ததும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். வேலை செய்கிற ஷிஃப்டரை ‘கெட்டது’ என்று சும்மா கொடுத்துவிடுகிறார்கள்.

பிரேக் கட்டைகள் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இத்தனை வருடத்தில் ரப்பர் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். சமதளத்தில் நிற்கிற வண்டி மருதமலை இறக்கத்தில் நிற்காது. அமெரிக்காவிலிருந்து வந்த வண்டியில் இடது கைதான் முன் பிரேக். நம் ஊர்ப் பழக்கம் வலது. கேபிளை மாற்றிப் போடுங்கள், முடியாவிட்டால் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். பதற்றத்தில் தவறான கையை அமுக்கினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவார்.

டயருக்குக் கவலைப்பட வேண்டாம். இந்த வண்டிகளின் ரிம் 559 மில்லிமீட்டர். 26 × 1.95, 26 × 2.125 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கும் டயர் பொருந்தும், எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். 26 × 1 3/8 என்று பின்னத்தில் எழுதியிருப்பது வேறு அளவு, பொருந்தவே பொருந்தாது.

8. உதிரிக்குப் பிரிக்கும்போது

கிராங்கைக் கழற்றும்போது போல்ட்டோடு அதற்கு அடியிலிருக்கும் வாஷரையும் எடுத்தீர்களா என்று பாருங்கள். வாஷர் உள்ளேயே இருக்க, புல்லரைப் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும். நல்ல ஷிமானோ எக்ஸ்டி கிராங்க் ஒரு நிமிடத்தில் எடைக்குப் போகும் பொருளாகிவிடும்.

பெடலில் இடதுபக்கம் தலைகீழ் மரை. பெடல் அச்சுப் பெட்டியில் அதற்கு எதிராக, செயின் இருக்கும் வலதுபக்கக் கப்தான் பெரும்பாலான வண்டிகளில் தலைகீழ் மரை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆள் உயரப் பைப்பை மாட்டி எதிர்ப்பக்கம் முறுக்குவதை அடிக்கடி பார்க்கலாம்.

கழற்றியதை உடனே ஜோடி சேருங்கள். பிரேக்கின் இரண்டு பக்கம், ஷிஃப்டரின் இரண்டு பக்கம், ஸ்கியூவர் (சக்கரத்தை இறுக்கும் கம்பி), சின்ன போல்ட்கள் எல்லாம் ஒரே கவரில், வண்டி எண்ணோடு. ஒற்றைக் கேன்டிலீவர் பிரேக்கை வாங்க ஆள் வரமாட்டார்.

9. போட்டோவும் பேரமும்

செயின் இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்க, வெறும் சுவர் முன்னால், காலை வெயிலில் எடுங்கள். முழு வண்டி ஒன்று, பிறகு குழாய் ஸ்டிக்கர், டிரெய்லர், பிரேம் நம்பர். துருவும் கீறலும் நெருக்கத்தில் கட்டாயம் வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, விரிசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் வீண்.

விளம்பரம் போட்டதும் முதலில் வரும் செய்தி "லாஸ்ட் என்ன ரேட்டுங்கண்ணா?" என்பதுதான். நேரில் வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம் என்று மட்டும் பதில் சொல்லுங்கள். பார்க்காமல் பேசிய விலை, பார்த்த பிறகு இன்னொரு தடவை குறையும். கீழே எவ்வளவுக்கு இறங்குவது என்பதை முன்பே அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இருக்காது.

ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்புகிறவரை உடனே பிளாக் செய்யுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ வேண்டியதே இல்லை.

விற்றதும் தேதி, பிரேம் நம்பர், இரண்டு பேர் கையெழுத்தோடு ஒரு சீட்டு. கேரண்டி, வாரண்டி என்று எதுவும் எழுத வேண்டாம், "இருக்கிற நிலையில்" என்ற வார்த்தை போதும்.

10. வெளியூருக்கு அனுப்பினால்

புது சைக்கிள் விற்கும் கடையில் அட்டைப்பெட்டி கேளுங்கள். கூடவே போர்க்கின் நுனியிலும் பின் டிராப்அவுட்டிலும் மாட்டி வரும் பிளாஸ்டிக் முட்டுக்கட்டையையும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்கு அது குப்பை. சக்கரம் இல்லாத போர்க் மீது லாரியில் மூட்டை விழுந்தால் இரண்டு காலும் உள்ளே வளைந்துவிடும். அதைத் தடுப்பது அந்தத் துண்டுதான். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, உரசும் இடத்தில் சாக்குத் துணி சுற்றி, பெட்டிக்குள் எதுவும் ஆடாமல் கட்டுங்கள்.

11. எடைக்குப் போவது

விரிசல் விட்ட பிரேமை அப்படியே கொடுக்காதீர்கள். ஹெட் டியூபைக் குறுக்கே அறுத்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் யாராவது கேஸ் வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு விற்றுவிடுவார்கள். காந்தத்தை வைத்து இரும்பு வேறு, அலுமினியம் வேறாகப் பிரியுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாவற்றுக்கும் இரும்பு ரேட்தான் போடுவார்கள்.

12. நின்றவற்றை மாட்டுதல்

சுவரில் மாட்டும் முன் ஒவ்வொரு வண்டியிலும் திறந்திருக்கும் குழாய் வாய்களைப் பாருங்கள். போஸ்ட் இல்லாத சீட் டியூப், பெடல் அச்சுப் பெட்டியின் ஓட்டை எல்லாவற்றிலும் குளவி மண்கூடு கட்டும். அந்த மண் மழைக்காலம் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளேயிருந்து அரிக்கும். பனியன் வேஸ்டில் எண்ணெய் நனைத்து அடைத்துவிடுங்கள். கூடு ஏற்கெனவே இருந்தால் ஸ்போக்ஸ் கம்பியால் குத்தி உதிர்த்து, தண்ணீர் விடாமல் காற்றடித்து வெளியே தள்ளுங்கள்.

கேபிள் உறையையும் பிடிக் கவரையும் எலி கடிக்கும் என்பதால் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே மாட்டுங்கள், பக்கத்தில் தீவனமூட்டை அடுக்க விடாதீர்கள். டயரில் பாதிக் காற்று போதும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டிகளை இறக்கித் துடைக்கும்போது சுவரில் எழுதிய எண்ணையும் எண்ணிப் பாருங்கள். அதைத் தாண்டி ஒன்று மாட்டியிருந்தால், அதற்கு ஈடாக எது போகிறது என்று அன்றைக்கே அட்டை கட்டிவிடுங்கள்.